உருக்குவதற்கு முன் ஒரு குதிரைப் பவுன்

சனிக்கிழமை விடியற்காலை, நீங்கள் இருவரும் போர்வைக்குள் சுருண்டிருந்த நேரத்தில், நான் பதுளை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். எங்கே போனீர்கள் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் சின்னவள் நடுவில் நூறு கேள்வி கேட்பாள். அதனால் எழுதித் தருகிறேன்.

ரஹீம் நானாவை உங்களுக்குத் தெரியும். அப்புத்தளையில் துணிக்கடை வைத்திருப்பவர், பழைய காசு சேர்ப்பவர். வியாழக்கிழமை அவர்தான் போன் பண்ணினார்.

"தம்பி, கொஸ்லந்தப் பக்கம் ஒரு மாப்பிள்ள வீடு. கூறச்சேல எங்கிட்டதான் எடுத்தாங்க. சனிக்கிழம பத்தரைக்கு ஒரு குதிரைப் பவுன உருக்கப் போறாங்களாம். பாக்கணும்னா முன்னாடியே போயிருங்க. பொறகு போனா தண்ணியாத்தான் பாக்கலாம்."

குதிரைப் பவுன் என்பது வெள்ளைக்காரன் காலத்துத் தங்கக் காசு. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் குதிரையில் ஒருவன். ஒன்றின் விலை இன்றைக்குப் பேக்கரியில் எனக்குக் கிடைக்கும் ஆறேழு மாதச் சம்பளம். அதனால்தான் நான் காசைச் சேர்ப்பதில்லை, காசின் படத்தைச் சேர்க்கிறேன். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் குதிரை அப்படியே தாளில் ஏறிவிடும். குதிரைக்குக் கீழே, வருடத்துக்கு மேலே, கடுகளவில் ஓர் எழுத்து இருக்கும், எந்த ஊரில் அடித்தது என்று சொல்ல. எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பேர்ன், பி பேர்த். நம் அல்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்ததே, அது இந்தியாவைக் குறிக்கும் 'ஐ'. பம்பாயில் அடித்தது. 1918ஆம் வருடம் மட்டும்தான் அங்கே அடித்தார்கள்.

ரயில் 5.45க்குப் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பு டிக்கட் நூற்றுப் பத்து ரூபா. தெமோதரையில் ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு அதே ஸ்டேஷனுக்குள் ஏறி வருகிறது. உங்களை ஒருநாள் அழைத்துப் போக வேண்டும். எல்லவில் வெயில், பண்டாரவளையில் தூறல். தியத்தலாவையில் எதிர் ரயிலுக்காக நின்றபோது பத்துத் தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை மணி யாருக்காகவும் நிற்காது.

அப்புத்தளையில் இறங்கும்போது எட்டேகால். மூடுபனியில் எதிர்க்கடை தெரியவில்லை. ரஹீம் நானா ஸ்டேஷன் வாசலிலேயே நின்று தன் லென்சைக் கையில் திணித்தார்.

"நீங்க வாங்கிக் காப்பாத்தக் கூடாதா நானா?" என்று கேட்டேன்.

"கேக்காமயா இருந்தேன்? 'சேலைக்கு வெல சொல்லுங்க நானா, தாலிக்கு வெல கேக்காதீங்க'ன்னுட்டாங்க அந்தம்மா. அதுக்கு மேல வாய் தொறப்பனா?"

வெல்லவாய பஸ்ஸில் பெரகலைச் சந்தி வழியாகக் கொஸ்லந்த வரை நூற்று முப்பது ரூபா. மலையை விட்டு இறங்க இறங்கப் பனி விலகி, காது அடைத்து, ஸ்வெட்டர் கனத்தது. கடைத்தெருவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர். ஓட்டோக்காரர் அறுநூறு ரூபா கேட்டார்.

"பொண்ணு வீட்டு ஆளாண்ணே?"

"இல்லப்பா. ஒரு காசு பாக்கப் போறேன்."

"கல்யாண வீட்டுல காசு போறதத்தான் பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே குழிகளில் வெட்டி ஓட்டினார்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெயர் லெட்சுமி. கொழுந்து எடுக்கும் வேலை. ரஹீம் நானாவின் பெயரையும் வந்த காரியத்தையும் சொன்னதும் கையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டார். மணப்பெண்ணின் ஊர் வவுனியா. அந்தப் பக்கத்து வழக்கம் பொன்னுருக்கல்: தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரத்தில் எல்லோர் கண்முன்னும் உருக்க வேண்டும். அதைப் பார்க்கப் பெண்ணின் தாய்மாமன் வந்திருந்தார். முற்றத்தில் நகை செய்யும் பத்தர் கரிச்சட்டியை மூட்டிக்கொண்டிருந்தார்.

"பாக்க மட்டுந்தானே? பாருங்க. பென்சிலால தேச்சா பவுனு தேயாதுல்ல?" என்று சிரித்தபடி வெற்றிலைத் தட்டிலிருந்து காசை எடுத்துத் தந்தார் லெட்சுமி அக்கா. கழுத்தில் போடுவதற்காக அதன் தலையில் ஒரு வளையம் ஒட்டியிருந்தது. "என் மாமியா கழுத்துல கெடந்தது. அவுங்களுக்கு அவுங்க மாமியா குடுத்தது. முழுப் பவுன உருக்குனோம்னு சம்பந்தி வீடு பாக்கணும் தம்பி. லயத்து ஆளுங்கன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சிரிக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

தாளை வைத்துத் தேய்த்தேன். குதிரை வந்தது. லென்சைப் பிடித்தேன். பிள்ளைகளே, வருடத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு நேராக நின்றது. 'ஐ'. பென்சில் கையிலிருந்து விழுந்துவிட்டது.

நல்ல காரியம் நடக்கும் வீட்டில் உருக்க வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லிவிட்டது போல.

"ஏன் தம்பி மூஞ்சி இப்பிடிப் போச்சு? பித்தளையா?"

"சுத்தத் தங்கந்தான்க்கா. பம்பாயில அடிச்சது. ஒரே ஒரு வருசந்தான் அடிச்சாங்க."

தாய்மாமன் கிட்டே வந்தார். "அப்ப விலை கூடவோ?"

"இல்லீங்க. வளையம் ஒட்டியிருக்கு. சேர்க்கிற ஆளுங்க தங்க வெலைக்கு மேல தர மாட்டாங்க."

விலை கூட என்று பொய் சொல்லியிருந்தால் காசு தப்பியிருக்கும் என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. லெட்சுமி அக்கா லென்சை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இதுவும் அக்கரையிலருந்து கப்பல்ல வந்ததா?"

"ஆமாங்க்கா."

"எங்க ஆளுக வந்த மாதிரியே." காசைத் திருப்பினார். "இந்த வளையம்?"

பத்தர் எட்டிப் பார்த்தார். "இது இந்தப் பக்கத்து வேலதான். கொக்கிய பாத்தாலே தெரியுது. ஒட்டுல செம்பு இருக்கும், எப்பிடியும் வெட்டித்தான் உருக்கணும். நேரம் வருதுக்கா."

அக்கா காசைப் பத்தரிடம் நீட்டினார்.

"வளையத்த மட்டும் வெட்டுங்க" என்றார். "அது இங்க சம்பாரிச்சு இங்க செஞ்சது. இங்க நடக்குற கல்யாணத்துக்கு அத உருக்குங்க. காசு வந்த மாதிரியே கெடக்கட்டும்."

"குண்டுமணி அளவுதான் வரும்க்கா!"

அவர் உள்ளே போய் ஒற்றைத் தோட்டோடு வந்தார். அதன் ஜோடி என்றோ கொழுந்து மலையில் விழுந்து தொலைந்ததாம். "இதயும் சேருங்க. இதுவும் என் ஒழைப்புத்தான்." பிறகு தாய்மாமனை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. "முழுப் பவுன உருக்குறோம்னு சொல்லியிருந்தோம். உருக்கல. முழுசா உங்க பொண்ணு கழுத்துல போடுறோம். கொறன்னு நெனச்சா இப்பவே சொல்லிருங்க."

தாய்மாமன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்கட பிள்ளையின்ர கழுத்தில முழுக்காசு கிடந்தா நாங்கள் வேண்டாமெண்டு சொல்லுவமோ? விசர்க்கதை. பத்தர், நெருப்பு அணையப் போகுது, ஊதும்!"

எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையன்தான் சத்தமாகச் சிரித்தான். பத்தர் வளையத்தை வெட்டி, ஒட்டை அராவித் தள்ளி, தோட்டோடு மூசையில் இட்டார். அந்தச் சின்ன மண்கிண்ணத்தில் பொன் முதலில் கறுத்தது, பிறகு சூரியனைப் போல் உருண்டு நடுங்கியது. காசுக்குச் சூடு படாமல் விளிம்பைப் பிடிக்கிற ஒரு கூடு செய்து தருவதாகவும் பத்தர் சொன்னார்.

சாப்பிடாமல் விடவில்லை. இன்னொரு படம் தேய்த்துத் தரச் சொல்லி வாங்கி, கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார் லெட்சுமி அக்கா. "காசு வவுனியாவுக்குப் போயிரும். குதிர எங்கிட்ட நிக்கட்டும்" என்றார்.

திரும்பும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பதுளை வரை நின்றுகொண்டே வந்தேன், தாள் கசங்காமல் சட்டைக்குள் வைத்து. நம் வீட்டில் தங்கக் காசு ஒன்றும் இல்லை, உங்கள் அம்மாவின் தாலியிலும் இல்லை. ஆனால் இன்று அந்தக் காலிக் கட்டம் நிரம்பிவிட்டது. லென்சை மேசையில் வைத்திருக்கிறேன். எழுத்தை நீங்களே தேடுங்கள்.

கல்யாணத்துக்கு நம் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய் மணப்பெண்ணின் கழுத்தையே உற்றுப் பார்க்கக் கூடாது, மரியாதை இல்லை. நானும் பார்க்க மாட்டேன். ஒரே ஒரு தடவை மட்டும்.