கரையில் இல்லாத படகு

ஹுஸ்னியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது விசைப்பலகைக்குத்தான். அன்று காலை எட்டரை மணிக்கு மீனவர் சங்கக் கந்தோரில் அது வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

புத்தளத்தில் பிறந்து, கணினி படித்து, இடம்பெயர்ந்திருந்த பெற்றோர் சொந்த ஊரான முசலிக்கரைக்குத் திரும்பியபோது கூடவே வந்து, அரிப்பில் ஒரு கடற்றொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். மூன்று வருடங்களுக்கு முன் சங்கத்துக்கு ஒரு செயலி எழுதிக் கொடுத்தாள். படகு கடலுக்குப் போனால் திரையில் அதன் பெயர் சிவப்பாகும். வந்ததும் படகுக்காரரோ வீட்டாரோ கைபேசியில் அழுத்தினால் பச்சையாகும். பத்து மணிக்கும் சிவப்பாக நிற்கும் படகைத் தேடி ஆட்கள் புறப்படுவார்கள்.

இப்போது அந்தச் செயலி எழுதப்பட்ட கணினி மொழியிலேயே ஓட்டை என்று செய்தி வந்திருந்தது. வெளியிலிருந்து யார் கட்டளை அனுப்பினாலும் ஆளைப் பாராமல் அது நிறைவேற்றிவிடுமாம். திருத்தமும் கூடவே வந்திருந்தது. ஆனால் அதைப் போடுவதற்குச் செயலியை ஒரு மணித்தியாலமாவது நிறுத்தவேண்டும். பதிவுகளைப் பார்த்தாள். முகம் தெரியாத எவனோ விடியற்காலையிலிருந்து நாற்பது தடவை முயன்று பார்த்திருந்தான். வெளியே சோளகக் காற்று உரத்துக்கொண்டிருந்தது. பதினொரு படகுகள் இன்னும் சிவப்பு.

“நானா, இதை நிப்பாட்டப் போறன்” என்றாள் சங்கத் தலைவர் அப்துல் றசாக்கிடம்.

“ஆக்கள் கடல்ல நிக்கேக்கையோ? விசரே உனக்கு? எல்லாரும் வந்த பிறகு செய்யன்.”

“அதுக்குள்ள அவன் பூந்து பட்டியலை அழிச்சா, ஆர் கடல்ல நிக்கிறாங்க எண்டே தெரியாமப் போகும்.”

“அப்ப போய்க் கண்ணால பாத்து எண்ணு!”

அவர் எரிச்சலில் சொன்னார். அவள் அதையே செய்தாள். பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு, செயலியை நிறுத்தி, திருத்தத்தை ஓடவிட்டுவிட்டுக் கரைக்கு நடந்தாள்.

பட்டியலில் இருபது பச்சை. கரையில் பத்தொன்பது படகுகள். மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுதான். முபீனின் படகைக் காணவில்லை. முபீனின் மனைவி றஸ்னாவின் வீடு கரையோரம்தான். ஓடினாள்.

“முபீன் எங்க?”

“இன்னும் வரேல்ல ராத்தா.”

“பச்சை காட்டுதே!”

றஸ்னாவின் முகம் வெளிறியது. “நான்தான் அழுத்தினன். அவர்ர பேர் சிவப்பா நிக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. விடியச் சுபஹு தொழுத உடனே அழுத்திப்போட்டுத்தான் தேத்தண்ணி வைப்பன். ஒவ்வொரு நாளும் வந்திடுறவர்தானே.”

பத்து மணி ஆகியிருந்தாலும் முபீனை யாரும் தேடிப் போயிருக்கமாட்டார்கள். பச்சையைத் தேடி யார் போவது?

இரண்டு படகுகள் காற்றை எதிர்த்துப் புறப்பட்டன. விடியவே கரை சேர்ந்திருந்த ஹுஸ்னியாவின் கணவன் ஒன்றில் ஏறிக்கொண்டான். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. கந்தோருக்குத் திரும்பினாள். திருத்தம் சரியாக ஏறியிருந்தது. அந்த முகம் தெரியாதவன் இன்னும் முயன்றுகொண்டிருந்தான். இனி அவனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. செயலியை ஓடவிடுமுன், வீட்டார் அழுத்தும் பொத்தானைத் தேடி எடுத்து அழித்தாள். பிறகு செயலியை ஓடவிட்டாள். யா அல்லாஹ், அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வாய்விட்டே கேட்டாள். சிவப்பாக நின்ற பதினொன்றும் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. அவள் கையால் சிவப்பாக்கிய முபீனின் பெயர் மட்டும் அப்படியே நின்றது.

பதினொன்றரைக்குக் கரையில் கூச்சல் கேட்டது. இயந்திரம் நின்றுபோய், பாதிப் படகு தண்ணீரோடு, வாளியால் இறைத்து இறைத்துக் கை செத்துப்போன முபீனை இழுத்து வந்திருந்தார்கள். றஸ்னா மணலில் விழுந்து அழுதாள்.

“ஆளைக் கொல்லப் பாத்தியே!” அப்துல் றசாக் அவள்மேல் பாய்ந்தார். “ஆராவது இப்பிடிச் செய்வினமோ? படைச்சவனுக்குப் பயமில்லையோ உனக்கு?”

சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். றஸ்னா தலை நிமிரவில்லை. ஹுஸ்னியாவுக்குப் பொறுக்கவில்லை.

“அவளை ஏசாதீங்கோ நானா. நானும் ரெண்டு தரம் அழுத்தினனான்.”

இழுத்துவந்த கயிற்றைக் கையில் வைத்திருந்த அவள் கணவன் திரும்பிப் பார்த்தான்.

“அதில ஒருநாள்” என்று அவனைப் பார்த்தே சொன்னாள், “நீங்க பின்னேரம் அசறுக்குத்தான் வந்து சேந்தீங்க.”