பழுப்பேறாத பால் சவர்க்காரம்

எனக்கு ஆட்டுப்பால் பிடிக்காது. வாடை மூக்கில் ஏறினாலே வயிற்றைக் குமட்டும். அப்படிப்பட்டவன் வீட்டுப் பின்புறத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில், ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. என் மனைவி வாங்கச் சொன்ன ஆடு. தலைப்பிரசவத்துக்காகக் கடல் தாண்டி நாகப்பட்டினத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் புறப்பட்டபோது, "நான் புள்ளையோட வரும்போது வீட்டுல பால் இருக்கணும், ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வளைகாப்பு வளையல்கள் குலுங்க அவளை சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலேற்றிவிட்டு வந்தேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த கடிதம் வருவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

கப்பல் நின்றது, தபால் நின்றது. பிரசவம் ஆனதா, ஆணா பெண்ணா, தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. ஆடு குட்டி போட்டது மட்டும் தெரியும். அதற்கு நான்தான் பிரசவம் பார்த்தேன்.

ரயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஷெட்டில் எனக்கு வேலை. ஆரம்பத்தில் கூட வேலை செய்தவர்கள், "என்னண்ணே, என்ன புள்ளையாம்?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அது அதைவிட எரிச்சலாக இருந்தது. மனிதர்களைத் திருப்திப்படுத்தலாம், என்னைத் திருப்திப்படுத்த முடியாது என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பாலை என்ன செய்வது? கொஞ்சம் கொடுத்துத் தேங்காயெண்ணெய் வாங்கினேன், கொஞ்சம் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு வாங்கினேன். மற்ற நாட்களில் பாதிப் பால் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே ஒரு தங்கச்சி இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. அவள் கணவன் என்னோடு ஷெட்டில் இருந்தவன், அந்த உரிமையில் அப்படிக் கூப்பிடுவேன். அவனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. என் மனைவிக்கு எந்த மாதம் என்று கணக்குப் போட்டிருந்தோமோ, அதே மாதத்தில் பிறந்தது. எனக்கு அந்தக் குழந்தைதான் நாள்காட்டி. அது தலை நின்றபோது என் பிள்ளைக்கும் தலை நின்றது. அதற்குப் பல் முளைத்தபோது, நாகப்பட்டினத்தில் ஒரு வாயில் பல் முளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் சவர்க்கார எண்ணம் வந்தது. கடைகளில் சவர்க்காரம் கிடைக்காத காலம். கிடைத்ததும் மணலும் சுண்ணாம்பும் கலந்த கட்டி. அதைத் தேய்த்ததும் குழந்தையின் தோல் சிவந்துவிட்டது. என் பிள்ளை வந்து இறங்கும்போது இதைத்தான் தேய்க்கப்போகிறோமா என்று எனக்குத் திக்கென்றது. எங்கள் ஷெட்டில் எஞ்சின் சாமான்களில் படிந்த கிரீஸை எடுக்கக் காஸ்டிக் சோடா வைத்திருந்தார்கள். காலி டிரம்மின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துக்கொள்ள மேஸ்திரி விட்டார். காஸ்டிக்கை எண்ணெயோடு கலந்தால் சவர்க்காரம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குப் பதில் பாலை ஊற்றலாம் என்பது என் சொந்த மூளை.

மூளை வேலை செய்த லட்சணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. எனாமல் சட்டியில் பாலை வைத்து காஸ்டிக்கைப் போட்டேன். பால் கொதித்தது, மஞ்சளானது, பிறகு கருப்பட்டி நிறத்துக்கு வந்தது. மயிர் கருகிய நாற்றம் வரிசை முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னண்ணே இது, குடிக்கிற பால இப்படிக் கொல்றீங்க?"

"புள்ளைக்குச் சவுக்காரம் செய்றேன்."

"ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு தெரியல, பேரு தெரியல, சவுக்காரம் மட்டும் ரெடி லா" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே முகம் வாடிவிட்டது. அவளுடைய வீட்டுக்காரன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கும் தெரியாதே.

சூடுதான் எதிரி என்று புரிந்தது. அதற்குப் பிறகு பொழுது விடியும் முன், காற்று குளிர்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். பாலை முதல் நாளே கறந்து ஆற வைத்து, சட்டியைக் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் இறக்கி, காஸ்டிக்கைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கிண்டினேன். சட்டி சுடுகிறதா என்று வெளிப்பக்கம் கை வைத்துப் பார்ப்பேன், சுட்டால் நிறுத்திவிடுவேன். எண்ணெயில் கலந்து அச்சில் ஊற்றிய பின்பும் மூடி வைக்கக் கூடாது. குளியலறையின் சிமெண்டுத் தரையில் திறந்தபடி விட்டால்தான் உள்சூடு வெளியேறும். ஒரு முறை எலிக்குப் பயந்து சாக்கைப் போட்டு மூடினேன். வெளியே வெள்ளை, நடுவில் பழுப்பு வட்டம்.

கடைசியில் ஒரு கட்டி பாலின் நிறத்திலேயே நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லாதபோதும், "பார்த்தியா" என்றேன். பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைக் கட்டி பிறந்த குழந்தைக்கு. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. பளிச்சென்று எதைக் கண்டாலும் பாய்ந்து போய்ப் பிடித்தது. அப்படியானால் என் பிள்ளைக்கும் இனி வெள்ளை போதாது. மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தேன். காஸ்டிக் பட்டதும் ஆரத்தித் தண்ணீர்போல் சிவந்து என்னைப் பயமுறுத்தியது. காய்ந்த பிறகு அழுக்கு மஞ்சளாகி வெளுத்தும் போனது. சங்குப்பூவின் நீலம் சட்டியைத் தாண்டவே இல்லை, சேற்று நிறமாகிவிட்டது. பிறகு தோட்டத்திலிருந்து வந்த ஒருவரிடம் பால் கொடுத்துச் செம்பனைப் பழத்தில் பிழிந்த எண்ணெய் வாங்கினேன். அதன் மஞ்சள் நிறம் நன்றாக இருந்தது. ஜன்னலில் வைத்து அழகு பார்த்தேன். வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டது.

வெளிச்சமும் எதிரி. இன்னொரு மஞ்சள் கட்டி செய்து நிழலில் வைத்தேன். பிள்ளை நடக்கும் வயதுக்கென்று, சோற்றில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எண்ணெயில் ஊறவைத்துப் பச்சை செய்தேன். அதை ஜன்னல் பக்கமே விடவில்லை. காய்ந்ததும் மனைவியின் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து மூன்று கட்டிகளையும் தனித்தனியாகச் சுற்றி, ஒரு மண்பானையில் போட்டு, வாயை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சேலையைக் கிழித்ததற்கு அவள் வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரியும். அந்தத் திட்டுக்காகவும் காத்திருந்தேன்.

வெளிச்சம் படாமல் வைத்த பொருளை எடுத்துப் பார்க்கவும் முடியாது என்பதுதான் கஷ்டம். மாதத்துக்கு ஒரு முறை, கதவைச் சாத்திக்கொண்டு, பிரித்துப் பார்த்துவிட்டு உடனே சுற்றிவிடுவேன். வெள்ளை வெள்ளையாகவும், மஞ்சள் மஞ்சளாகவும், பச்சை கொஞ்சம் தளர்ந்தாலும் பச்சையாகவும் இருந்தன. நிறம் மாறாத வரை அங்கேயும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு மடத்தனமான கணக்கு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. மடத்தனம் என்று தெரிந்தும் அதை விடவில்லை. வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

ஜப்பான்காரன் தோற்றான். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வரவில்லை. தங்கச்சி அழுது முடித்த பிறகும் குழந்தை தினமும் என் வாசலில் வந்து ஆட்டுக்குத் தழை போட்டது. அதன் உயரத்தைப் பார்ப்பேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. துறைமுகத்தில் அந்த உயரத்தைத்தான் தேட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

கப்பலும் தபாலும் ஓட ஆரம்பித்ததும் கடிதம் போட்டேன்; சில மாதம் கழித்துப் பதிலுக்கு ஒரு தந்தி வந்தது. கப்பலின் பெயரும் வந்து சேரும் கிழமையும் மட்டும் இருந்தன. தந்தியில் வேறென்ன எழுதுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கப்பல் வரும் நாள் காலை குளியலறைச் சுவரின் மேல் மூன்று கட்டிகளையும் வரிசையாக வைத்துவிட்டு, கிள்ளானைத் தாண்டித் துறைமுகத்துக்கு ரயிலில் போனேன்.

அவள் இறங்கினாள். மெலிந்திருந்தாள். ஒரு கையில் தகரப் பெட்டி. மறு கையில் ஒன்றுமில்லை. அவளுக்குப் பின்னால் இறங்கிய பிள்ளைகளை எல்லாம், என் இடுப்புக்குக் கீழே இருந்த எல்லாத் தலைகளையும் பார்த்தேன். கடைசி ஆளும் இறங்கிய பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டேன். ரயில் பாதி வழி வந்த பிறகு அவள்தான் பேசினாள்.

"ஆடு இருக்குதாங்க?"

"இருக்கு. வயசாயிடுச்சு."

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவப் போனவள் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது யாருக்குங்க?"

"வெள்ளை, பொறந்த புள்ளைக்கு" என்றேன். நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "மஞ்சள் தவழுறப்போ. பச்சை, நடக்கற வயசுக்கு."

சேலைத் துணி கீழே கிடந்தது. அது எந்தச் சேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"பொண்ணுதாங்க பொறந்துச்சு" என்றாள். "நெத்தி அப்படியே உங்களுது. தீட்டுக் கழியறதுக்குள்ள போயிடுச்சு. பேரு கூட வைக்கல."

பிறகு வெள்ளைக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் பின்புறம் போய் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன்.

மஞ்சளையும் பச்சையையும் மறுநாள் அவளே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள். வெள்ளையை யாருக்கும் தரவில்லை. தினமும் கொஞ்சம் தேய்த்து, துடைத்து, நிழலில் வைப்பாள். வெற்றிலைபோல் மெலிந்து கையோடு கரைந்து போகும் வரை அது பழுப்பேறவே இல்லை.