மஸ்கட்டில் இருந்தவர் தாலி கட்டியதைப் பார்த்தாரா

கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே, நேரலை வீடியோ அனுப்பும் மென்பொருள் ஒன்றை எழுதும் குழுவில் வேலை பார்க்கிறேன். படத்தை அனுப்ப இரண்டாவதாக ஒரு வழிமுறையைச் சேர்ப்பது அந்த வருடம் என் பொறுப்பாக இருந்தது. பழைய வழிமுறை எதையும் விடாது. சிக்னல் குறைந்தால் நின்று, விட்டதைத் திரும்ப அனுப்பி, எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுசேர்க்கும், அதனால் தாமதமாகும். புதியது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வராததைக் கைவிட்டு மேலே போய்விடும். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும்படி இரண்டில் எதை முதலில் வைப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வடிவமைப்புக் குறிப்பை நான்கு முறை எழுதி, நான்கு முறையும் அழித்தேன்.

எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி, கல்யாணங்களை நேரலையில் காட்டுபவர்.

"இடைசெவல் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கு. பொண்ணோட அப்பா மஸ்கட்ல இருக்காரு, லீவு கிடைக்கலை. நீ வந்து உன் சாப்ட்வேரை ஓட்டிப் பாரேம்மா" என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கோயில் மண்டபத்தில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. பழைய வழிமுறையில்தான் நேரலையை ஓட்டினேன். மாலை மாற்றி முடித்து, தாலித் தட்டும் ஒரு சுற்று வந்துவிட்டது. பெண்ணின் அம்மா கணவரோடு போனில் பேசியபடி மேடையோரம் நின்றார்.

"அப்பா பாக்குதாவளாம்மா?" என்று கேட்டாள் மணப்பெண்.

"அங்கன இன்னும் மாலையே மாத்தலைங்காவ."

"அப்பம் பொறுக்கச் சொல்லுங்க. அப்பா பாக்காம கட்ட வேண்டாம்."

முகூர்த்தம் போகிறது என்றார் ஐயர். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

பாதிதான் சோதித்திருந்த புதிய வழிமுறைக்கு மாற்றினேன்.

"இப்பம் தட்டு தெரியுதாம்" என்றார் அம்மா.

கெட்டிமேளம் முழங்கியது. என் லேப்டாப்பிலும் அதே நேரலைதான் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கை கழுத்தருகே போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தது. தெளிந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

"பாத்துட்டாவளாம். அழுதாவ" என்று மகளிடம் சொன்னார் அம்மா. பெண்ணும் அழுதாள்.

வீட்டுக்கு வந்து சர்வர் பதிவுகளை மூன்று முறை படித்தேன். அந்தச் சில நொடிகளின் படம் சர்வருக்கே வந்து சேரவில்லை; ஒலி வந்ததா என்பதைப் பதிவுகள் தனியாகக் காட்டவில்லை. அப்படியானால் அவர் எதைப் பார்த்தார்? பதிவில் பிழையா, மகள் மனம் நோகக்கூடாதென்று சொன்னாரா? ஒன்றும் விளங்கவில்லை.

சில மாதம் கழித்து பெண்ணின் அப்பா லீவில் வந்தார். ஆல்பம் வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"படம் நின்னுபோச்சும்மா. ஆனா மேளம் கேட்டுச்சு. எம்மவ கழுத்துல ஏறிட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பம் பாத்தேன்னுதான சொல்லணும்?"

மேளம் நேரலையில் கேட்டதா, போனில் கேட்டதா என்றேன். யோசித்துவிட்டு, "தெரியலையேம்மா" என்றார்.

ஐந்தாவது குறிப்பில் புதிய வழிமுறையையே முதலில் வைத்தேன். சிக்னல் குறைந்தால் படத்தின் தரத்தைக் குறைத்தாவது ஒலியைக் காப்பாற்ற வேண்டும் என்றும் எழுதினேன். குழு ஒப்புக்கொண்டது. அவர் கேட்டது போனில்தான் என்றால், எதை நம்பி அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. படம் உடைகிறது என்று எங்கிருந்தாவது புகார் வரும்போதெல்லாம், பழையதையே முதலில் வைத்திருக்கலாமோ என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.