நைனா எழுதி வைத்த 'R'

போன வருடம் ஆவணி மாதம், எங்கள் நைனா இறந்த பிறகு, ஆம்பூரில் அவர் இருந்த வீட்டை நான் காலி செய்தபோது நடந்தது இது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தோல் கம்பெனியில் செலக்டராக இருந்தவர். பதனிட்டு வரும் தோல்களை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, A, B, C என்று சாக்பீஸால் தரம் எழுதுவார். தேறாத தோலுக்கு R. ரிஜக்ட் என்று அர்த்தம். நானும் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில்தான் இருக்கிறேன். நாள் முழுக்க R ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் பிழைப்பு.

நைனா உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டதால் வாரிசு நானும் தம்பியும்தான். தம்பிக்கும் நைனாவுக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. நைனா கெஞ்சிக் கூத்தாடித் தன் கம்பெனியிலேயே வாங்கிக் கொடுத்த வேலையை அவன் பத்தே நாளில் விட்டுவிட்டு, பெங்களூருக்குப் போகிறேன் என்றான். நைனா கோபத்தில் நாலு பேர் முன்னால், "ரிஜக்ட் தோலுடா நீ" என்று சொல்லிவிட்டார். அன்று போனவன்தான். அதன் பிறகு அம்மா சாவுக்கு வந்தான், நைனா சாவுக்கு வந்தான்.

பாகம் பிரிக்கலாம் என்று போன் செய்தால், "எல்லாத்தையும் நீயே வச்சிக்கோக்கா. அவரு பொருள் ஒண்ணுகூட எனக்கு வேணாம், கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போய்டறேன்" என்றான். இந்த வீட்டோடு சேர்த்து என்னையும் அறுத்துவிட்டுப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். சரிபாதி கொடுக்காமல் விடமாட்டேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன்.

ஆனால் பாதி என்றால் எதில் பாதி? நகை, தேக்குக் கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை சொன்னார் பழைய சாமான் வியாபாரி. வாங்குகிறவரே விலை சொன்னால் எப்படி என்று சிரித்த வக்கீல், வேலூரில் பதிவு பெற்ற ஒரு மதிப்பீட்டாளரைச் சொன்னார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. போனிலேயே கறாராகப் பேசினார். பீஸ் இவ்வளவுதான், பொருளின் விலையைப் பொறுத்து ஏறாது. தான் எதையும் வாங்கவும் மாட்டார், விற்றுக் கொடுக்கவும் மாட்டார். வாரிசு சான்றிதழ் நகல் வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் எதையும் தூக்கிப் போடாதீங்க."

நான் கேட்டேனா? என் கை சும்மா இருக்காதே. பரணில் இருந்த ஒரு சைக்கிள், கேரம் போர்டு, தகரப் பெட்டி, மூன்றிலும் நைனா கையெழுத்தில் பெரிதாக R. அவரே கழித்ததுதானே என்று கொல்லையில் போட்டு, பழைய இரும்புக்காரரை, மதிப்பீட்டாளர் வருகிற அன்றே பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அன்று காலை கையெழுத்துப் போடத் தம்பி வந்தான். மதியம் ரயில். முகம் கழுவக் கொல்லைக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். அத்தனையும் அவன் பள்ளிக்கூட நாளில் வைத்திருந்த சாமான்கள். "பாத்தியாக்கா, எழுதியே வச்சிட்டுப் போய்ட்டாரு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு ஏன் இது முன்பே உறைக்கவில்லை என்று என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மதிப்பீட்டாளர் அம்மா வந்துவிட்டார். அறை அறையாகப் பார்த்து, நகையை எடைபோட்டு, கட்டிலின் அடியில்கூடக் குனிந்து பார்த்து எழுதினார். முடித்ததும், கொல்லையில் இருப்பது என்ன என்று கேட்டார். "அது கழிச்சதுங்க மேடம்" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போய், சைக்கிள் பக்கத்தில் குந்தி, பெடலைச் சுற்றினார். சத்தமே இல்லாமல் சக்கரம் சுழன்றது. விரலில் ஒட்டிய கிரீஸைக் காட்டினார். டயர் இரண்டும் புதுசு, ரோட்டையே பார்க்காதவை. கேரம் போர்டு வேட்டியில் சுற்றியிருந்தது, காய் ஒன்று குறையவில்லை. பெட்டிக்குள் கரையாத பாச்சை உருண்டைகள். அந்த R-கூட ஒரே நாளில் எழுதியதில்லையாம். சாக்பீஸ் அழிய அழிய மேலேயே எழுதி, பிறகு பெயிண்டில் எழுதியிருக்கிறார் என்று தடவிக் காட்டினார்.

"கழிச்ச சாமானுக்கு யாராவது கிரீஸ் போடுவாங்களாம்மா?" என்றார்.

R என்றால் ரிஜக்ட் என்று தோல் கணக்கை விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாரிசு சான்றிதழை எடுத்து, தம்பியின் முழுப்பெயரை வாய்விட்டுப் படித்தார். R-இல் தொடங்குகிற பெயர். பிறந்ததிலிருந்து அவனைச் சின்னு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அப்படி ஒரு பெயர் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. நைனாவே ஆசைப்பட்டு வைத்த பெயர்.

"இத நான் லிஸ்ட்ல சேர்க்க முடியாது" என்றார் அந்த அம்மா, தம்பியைப் பார்த்து. "இறந்தவரு சொத்துக்குத்தான் நான் மதிப்பு போடணும். இது அவரோடது இல்ல சார், உங்களோடது. அவரு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, அவ்ளோதான்."

தம்பி பெடலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, நாற்பது வயதில், சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். நானும் அழுதேன். அந்த அம்மா ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய் எழுத ஆரம்பித்தார். இரும்புக்காரரை வாசலோடு அனுப்பிவிட்டேன். தம்பி ரயிலை விட்டுவிட்டு, சாயங்காலம் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்கத் தெருவில் சைக்கிள் ஓட்டினான்.

"வாடா" என்று நைனா ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வராமல், யாருக்கும் தெரியாமல் டயர் மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷன். நினைத்தால் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இப்போது தம்பி மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வருகிறான். வரும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: அன்று அந்த அம்மா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போயிருந்தால், ஒரு தகப்பனின் இத்தனை வருடப் பாசத்தை நானே என் கையால் எடைக்குப் போட்டிருப்பேன்.