ஐஸ் பெட்டிக்குள் இன்சுலின்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. தஞ்சாவூரில் என் ஆய்வுக்கூடத்தில் இது தெரியாதவர் கிடையாது. இருபது வருஷமாகக் கணையத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். குண்டானவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்க, எலும்பும் தோலுமான நடவுக்காரப் பெண்களுக்கும் மீனவர்களுக்கும் ஏன் வருகிறது என்பதுதான் என் கேள்வி. என் அப்பாவும் வயல் வேலை பார்த்து, சர்க்கரையோடு, ஒல்லியாகவே செத்துப்போனார். அதனால் விடுவதாக இல்லை.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. கணையம் முழுக்கக் கல். இன்சுலின் சுரப்பது அநேகமாக நின்றேபோயிருந்தது. மாத்திரை உதவாது, ஊசிதான் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் என்னிடம் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். முதல் மூன்று தடவையும் சர்க்கரை நானூறுக்கு மேல். நாலாவது தடவை வலது காலில் புண். சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

"வேளா வேளைக்கு ஊசி போடுறேங்கம்மா."

"யாருகிட்ட கதை விடுறீங்க? போட்டா ஏன் இறங்கல? பொய் சொல்லிச் சொல்லியே காலைத் தொலைக்கப் போறீங்க!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் போட்ட ஊசிக்கு இரண்டே நாளில் சர்க்கரை இறங்கியது. "பாத்தீங்களா, வீட்ல போடவே இல்ல" என்றார் என் உதவியாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மீனவர் வயிற்றில் பழைய ஊசித் தழும்புகள் வரிசையாக இருந்தன. போடாத ஊசிக்குத் தழும்பு எப்படி வரும்? மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

"மருந்தை எங்க வைப்பீங்க?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன். படகுக்குப் போகும் மீன் பெட்டியைத் திறந்து காட்டினார். நொறுக்கிய ஐஸ், குளிர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று மேலே கல்லுப்பு. அடியில் இன்சுலின் குப்பி, கல்லாக உறைந்து கிடந்தது. ஐயோ! ஒருமுறை உறைந்துவிட்டால் இன்சுலின் வீண். கரைந்த பிறகு போட்டாலும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான்.

"இதுல வைக்கச் சொன்னது யாரு?" அவரிடமும் எகிறினேன்.

"நீங்கதாங்க. வீட்ல பிரிட்ஜ் இல்லன்னாராம். ஐஸ்ல வச்சுக்குங்கன்னு சொன்னீங்களாம்."

சொல்லியிருப்பேன். நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று பொழுது சாயும்வரை அந்தக் கரையில் ஊசி போடுகிறவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். ஈர மணலில் மண்பானையைப் புதைத்து மருந்தை அதற்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் இரண்டு வீட்டில் அதே உறைந்த குப்பி இருந்தது.

பாதம் தப்பியது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆய்வறிக்கையில் அவருக்குச் சர்க்கரை இறங்காத காரணம் எழுதவேண்டிய இடத்தில் என் தவறை எழுதினேன். "உங்க பேரு கெடும், வேண்டாமே" என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். போங்கய்யா என்றேன்.

அடுத்த மாதம் அவர் கைத்தடியோடு வந்தபோது வரிசை வாசல்வரை நின்றது. எழுந்து சத்தமாகவே சொன்னேன். "இவர் பொய் சொல்லல. மருந்தை ஐஸ்ல வைக்கச் சொன்னது நான். இவர் விரல் போனது என்னாலதான். என்னை மன்னிச்சிடுங்க."

விரலை எடுத்த அன்றுகூட அவர் கண் கலங்கவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்த மனுஷன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில், குலுங்கிக் குலுங்கி அழுதார்.