கறுப்புக் கரை போட்ட கடிதங்கள்

அந்த நாட்களில் தபால் என்றாலே எனக்கு ஆகாது. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் நான் இருந்த வீட்டின் கதவுத் துவாரத்தால் உறை விழும் சத்தம் கேட்டாலும் உடனே போய் எடுக்கமாட்டேன். ஊரிலிருந்து வந்தால் யார் போனார்களோ என்ற பயம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்தால் நான் போகவேண்டுமோ என்ற பயம். அப்படிப்பட்ட எனக்குக் கிடைத்தது கடிதம் அடுக்குகிற வேலை. எண்பதுகளின் கடைசி.

விக்டோரியா காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு வந்த கடிதங்கள். பாதிரியார் தன் தோட்டத்துத் தேனீயைப் பற்றி எழுதியிருப்பார், கப்பல்காரன் வண்டு ஒன்றை அனுப்பிவிட்டுப் பெயர் கேட்டிருப்பான். ஒரு நூலகத்தின் நிலக்கீழ் அறையில் பெட்டி பெட்டியாக. கட்டை அவிழ்த்து, மூலையில் பென்சிலால் இலக்கம் போட்டு, புது உறையில் வைக்கவேண்டும். மேலாளராக இருந்த ஆங்கிலப் பெண்மணி முதல் நாளே சொன்னார்: "அவர் கட்டிவைத்த வரிசை மாறக்கூடாது. பாதிக் கடிதத்தில் திகதியே இல்லை. வரிசை போனால் எல்லாம் போச்சு."

மூன்றாவது பெட்டியில் அது வந்தது. நாலு பக்கமும் கறுப்புக் கரை போட்ட தாள். பிறகு இன்னொன்று. மொத்தம் ஒன்பது. எங்கள் வீட்டில் சாவுக் கடிதத்தை வாசலில் நின்றே வாசித்து, அங்கேயே கிழித்துவிடுவோம், உள்ளே கொண்டுபோவதில்லை. இங்கே கிழிக்கவா முடியும்? ஒன்பதையும் உருவி, அறைக்கு வெளியே இருந்த அலுமாரியின் மேல் வைத்தேன். யோசிக்கவில்லை. கை செய்தது. மிச்சத்துக்கு ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, அங்கே துப்புரவு வேலை செய்த மன்னார் அக்கா அவற்றைக் கண்டா.

"தம்பி, உதென்ன வெளியில கிடக்குது? குப்பையோ?"

"ஐயோ, தொடாதேங்கோ அக்கா. சாவுக் கடிதம்."

"ஆர் செத்தது?"

"தெரியாது. வாசிக்கேல்லை."

"வாசிக்காமலே செத்தவீடு கொண்டாடுறியோ? எங்கட பக்கமெண்டால் பிரேம் போட்டுக் கொழுவியிருப்பம்." ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா. "இதில ஒருத்தரும் சாகேல்லையடா. நத்தை கோவா இலை தின்னுதாம்!"

வாங்கிப் பார்த்தேன். நத்தைதான். எந்த இலையை முதலில் தின்றது, எதைத் தொடவில்லை.

"எங்கட கன்னியர் மடத்து மதரும் தேப்பன் செத்த வருஷம் உப்பிடித் தாளிலதான் எழுதினவ," என்றா அக்கா. "கடைக்கு மா வேணுமெண்டு எழுதினாலும் கறுப்புக் கரைதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துக்கம் காத்தபடியே நத்தையைப் பார்த்து எழுதியவரின் கடிதங்களை நான் வரிசையிலிருந்து பிடுங்கி வெளியே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியை மேலாளர் பார்ப்பார். திங்கள் எனக்குக் குரோய்டன், விசா நீட்டிப்பு. அதற்கு வேலைக் கடிதம் தருவதாகச் சொன்னவரும் அவரேதான்.

மூன்று நாள் வாசித்தேன். மற்றக் கடிதங்களில் வந்த விஷயத்தைத் தொடர்ந்து எழுதிய நான்கின் இடம் பிடிபட்டது. மிச்சம் ஐந்துக்கும் இடம் தெரியவில்லை.

"சும்மா எங்கையாவது செருகு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றா அக்கா.

செருகியும் பார்த்தேன். குரோய்டனில் ஒருமுறை, ஊரில் எது முதல் நடந்தது, எது பிறகு என்று நான் தடுமாறியபோது, அதிகாரி எழுதுவதை நிறுத்திப் பேனையை மூடிவிட்டார். வரிசை குழம்பினால் மனிதனே பொய்யாகிவிடுகிறான். செருகியதை வெளியே எடுத்தேன்.

வெள்ளி காலை மேலாளரிடம் சொன்னேன். அவர் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதினார்: ஐந்து கடிதங்கள், இடம் தெரியாது, அடுக்கும்போது மாறியவை. பேனையை என் பக்கம் நீட்டினார்.

"உன் பெயர்."

எழுதினேன். தாள் பெட்டிக்குள் போனது. வேலைக் கடிதத்தைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. ஐந்து மணிக்கு, ஒட்டி மூடிய உறையொன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கள்வரை அதைப் பிரிக்கவில்லை. குரோய்டனில் அதிகாரி பிரித்தார். வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி வாசித்தார். பிறகு கடிதத்தைத் தன் கோப்பில் செருகிவிட்டு முத்திரை குத்தினார்: ஒரு வருடம்.

விரல் நின்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது? அந்த வருடம் முழுக்க மேலாளரின் எதிர் மேசையில் இருந்தேன். கேட்கவில்லை. பயம்.