விலக்கில் நிற்காத பஸ்

மாணவர்கள் எல்லோரும் பஸ் பாஸ் எடுத்தே தீர வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் ஒரு பேச்சு கிளம்பியபோது, அதற்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவள் நான்தான். எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். அந்தப் படிப்பை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

ஊர் மம்சாபுரம் பக்கம். அப்பா பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். தினமும் ஊரிலிருந்து, மெயின் ரோட்டில் எங்கள் ஊர்ப் பாதை பிரிகிற விலக்குக்கு நடந்து வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் போக வேண்டும். பஸ்ஸுக்குச் சில்லறை வாங்கக் காலையில் கடை முன்னால் போய் நிற்பேன். அப்பா வந்தவர்களுக்கெல்லாம் நிறுத்துப் போட்டுவிட்டு, கடைசியில் என்னைப் பார்ப்பார். “இன்னைக்குக் கண்டிப்பாப் போகணுமா?” என்பார். போகணும்ப்பா என்பேன். கல்லாவிலிருந்து காசு வரும். மழை என்றால் வராது. சித்தப்பா வீட்டு விசேஷம் என்றால் வராது. ஒருமுறை மாடு கன்று போட்டதற்காக வரவில்லை.

மாதப் பாஸ் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நீ மாசம் பூரா போவன்னு என்னத்தக் கண்டோம் என்று சொல்லிவிட்டார். கடைக்கு மூட்டை மூட்டையாகக் கொள்முதல் செய்கிற மனுஷர், என் படிப்பை மட்டும் சில்லறையாகவே வாங்கினார்.

அதனால்தான் கட்டாயப் பாஸ் என்றதும் எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கல்லூரிக் கட்டணத்தோடு பாஸுக்கும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும், எல்லோரும் எடுத்தால்தான் கல்லூரி நேரத்துக்குக் கூடுதலாக வண்டி கேட்க முடியும் என்று நிர்வாகம் சொன்னது. பிள்ளைகளின் கருத்தைக் கேட்க ஒரு மத்தியானம் எங்களை ஹாலில் உட்கார வைத்தார்கள்.

சைக்கிளில் வருகிறவர்களும் உள்ளூரிலிருந்து நடந்து வருகிறவர்களும் எதிர்த்தார்கள். செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையன் எழுந்து, ஏறாத பஸ்ஸுக்கு நாங்கள் ஏன் தண்டம் அழ வேண்டும் என்று கேட்டான். அதோடு விடவில்லை. எல்லோர் கையிலும் பாஸ் இருந்தால் டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்த மாட்டார், டிக்கெட் விற்றால்தான் அவர்களுக்குப் பேட்டா என்றான். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு எழுந்து, கூடுதல் வண்டி வந்தால் இன்னும் எத்தனை கிராமத்துப் பெண்கள் படிக்க வரமுடியும் என்று பேசினேன். கை தட்டினார்கள். அந்தப் பேச்சில் பொய் இல்லை. ஆனால் என் மனதில் இருந்தது வேறு. கல்லூரியே கட்டாயம் என்று சொல்லிவிட்டால் அப்பாவால் தட்ட முடியாது. தினமும் காலையில் அந்தக் கேள்வி இருக்காது. இதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

பாஸ் கட்டாயமானது. அப்பா முனகிக்கொண்டே கட்டினார். என் படம் ஒட்டி, முத்திரை குத்திய அட்டை கைக்கு வந்த அன்று அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன். மறுநாள் கடையைத் தாண்டி நடந்தபோது அப்பாவிடம் நான் நிற்கவே இல்லை. போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. விலக்கில் அந்த நேரத்துக்கு நிற்பவர்கள் புத்தகமும் கையுமான நாங்கள் மட்டும்தான். மில்லுக்குப் போகிறவர்கள் முன்னாலேயே போய்விடுவார்கள். வண்டி தூரத்தில் வரும்போதே டிரைவர் எங்களைப் பார்த்துவிடுவார். வேகம் குறையாது. கூடைக்காரப் பெண்கள் யாராவது நின்றால் அன்றைக்கு நிற்கும். அப்படி நின்ற ஒரு நாள் கண்டக்டர் ஒளிக்காமல் சொன்னார், “ஒங்க அம்புட்டுப் பேரையும் ஏத்திட்டா டிக்கெட்டு ஏற எடமேதும்மா?” கேட்ட கூடுதல் வண்டியோ வரவே இல்லை. சைக்கிள்காரப் பையன் சொன்னது அப்படியே நடந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

பின்னாலேயே பிரைவேட் வண்டி வரும். அது ஆசையாக நிற்கும், ஆனால் பாஸ் செல்லாது. டிக்கெட்டுக்கு அப்பாவிடம் காசு கேட்டால், பாஸ் எடுத்தாச்சுல்ல என்பார். முன்பு கேள்வியோடாவது காசு வந்தது. இப்போது கேள்வியும் இல்லை, காசும் இல்லை. பையன்கள் லாரியில் தொற்றிப் போனார்கள். நாங்கள் இரண்டு மூன்று பெண்கள் விலக்கிலேயே வெயிலில் நின்றோம். கிடைத்த வண்டியில் மூன்றாவது பீரியடுக்குப் போய்ச் சேர்வேன். சில நாள் திரும்பி வந்து தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

கடைசி வருஷத் தேர்வுக்கு முன் வருகைப்பதிவு குறைகிறது, அப்பாவைக் கூட்டி வா என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அவர் வந்து பேசிக் கையெழுத்துப் போட்டால் தேர்வு எழுத விடுவார்கள். அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். பஸ் நிற்பதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. “துட்ட வாங்கிட்டு எவனாச்சும் சரக்கு குடுக்காமப் போவானா?” என்று கேட்டார். வியாபாரி அல்லவா. பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டவன் வாடிக்கையாளரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக விலக்கில் எனக்கு முன்னால் நின்றார். வண்டி வந்தது. அப்பா கையை நீட்டினார். சக்கரம் அவர் காலடியிலேயே வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து குனிந்து, வாங்கண்ணாச்சி, எங்க போகணும் என்றார்.

வண்டி நின்றுவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். அப்பா ஏறவில்லை. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் முகத்தைக் கண்டேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“பஸ்ஸு நிக்கத்தான செய்யுது. அப்ப இம்புட்டு நாளா எங்கட்டி போன?”

அது உங்களுக்காக நின்ற வண்டிப்பா, டிக்கெட் எடுக்கிற ஆள் என்று நினைத்து நிறுத்தினான் என்று அழுதுகொண்டே சொன்னேன். அம்மாவும் எனக்காகப் பேசிப் பார்த்தாள். அவர் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் வாய்ச்சொல்லைக் கேட்பாரா? அப்பா கல்லூரிக்கு வரவில்லை. நான் தேர்வு எழுதவில்லை. அடுத்த தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா கொடுமைக்காரர் இல்லை. மகள் எங்கேயோ சுற்றிவிட்டாள் என்று பயந்துபோன மனுஷர். கடைசிவரை அதைப் பற்றி என்னிடம் பேசவும் இல்லை, நம்பவும் இல்லை. பட்டம் போனதைக்கூட ஆற்றிக்கொண்டேன். இதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், அம்மாவைப் பார்த்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு வேலையாகப் போக அதே விலக்கில் நின்றிருந்தேன். ரோட்டோரம் ஒரு சைக்கிள் கடை புதிதாக வந்திருந்தது. அதன் மறைவிலிருந்து தாவணி போட்ட ஒரு பெண் புத்தகமும் கையுமாக எட்டிப் பார்த்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். “அக்கா, நீங்க மட்டும் நின்னு கை காட்டுங்க. எங்களப் பாத்தா நிறுத்த மாட்டான். நின்னதும் நாங்க ஓடி வந்துருதோம்” என்றாள்.

கை காட்டினேன். வண்டி நின்றது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்து எனக்கு முன்னால் ஏறினார்கள். கண்டக்டர் என்னை முறைத்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று அப்பாவைக் கொஞ்ச நேரம் எங்கேயாவது மறைவாக நிற்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ரோட்டில் நின்று கை காட்டியிருந்தால் போதும். அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். அவ்வளவு சின்ன விஷயம், எனக்குத் தோன்றவில்லை. அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.